செல்லூர்ப் பையனுக்குச் சக்தி வந்தால் அக்காவிடம் சொல்வானா?

கேள்வி கேட்ட தம்பி, மதுரை செல்லூரில் நடக்கும் ஒரு சூப்பர்ஹீரோ படக்கதை எழுதிக்கொண்டிருக்கிறார். நாயகனுக்கு இருபத்திரண்டு வயது, தறிக்காரக் குடும்பம். அப்பா இல்லை. அம்மா இருக்கிறார், ஒத்தக்கடையில் கட்டிக்கொடுத்த அக்கா இருக்கிறார், காதலி ஒருத்தி இருக்கிறாள். திடீரென்று அவனுக்கு அசாத்திய பலம் வருகிறது. முகத்தை மூடிக்கொண்டு இராத்திரியில் ஊரைக் காக்கிறான், வீட்டில் யாருக்கும் சொல்வதில்லை. கடைசியில் வைகையில் வெள்ளம் வருகிறது, அதே நேரத்தில் வில்லன் காதலியைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஊரா, அவளா என்ற நிலை. எப்படியோ இரண்டையும் காப்பாற்றிவிட்டு, 'என்னோடு இருந்தால் உனக்கு ஆபத்து' என்று அவளைப் பிரிந்து போகிறான். படித்த நண்பர்கள் எல்லாரும் ஸ்பைடர்மேன் மாதிரியே இருக்கிறது என்கிறார்களாம். 'சக்தி, பொறுப்பு, உறவு மூன்றும் மோதும்போது நாயகன் எதை விட வேண்டும்? இதை மதுரைக் கதையாக எப்படி மாற்றுவது?' என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான். ஆனால் அதற்குக் காரணம் முகமூடியோ வில்லனோ இல்லை. 'எதை விட வேண்டும்' என்ற கேள்வியே அங்கிருந்து வந்தது. அதை வைத்துக்கொண்டு செல்லூர், கோரிப்பாளையம், யானைக்கல் என்று எத்தனை இடத்தின் பெயரைப் போட்டாலும் கதை நியூயார்க்கில்தான் நடக்கும். சக்தியுள்ளவனுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் நடுவே வரும் சிக்கலை நம் ஊர்க் கதைகள் வேறு விதமாகக் கேட்டிருக்கின்றன. அவன் யாரிடம் மறைத்தான்? அதற்கு விலை கொடுத்தது யார்? இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால் உங்கள் கதையில் எது இரவல், எது உங்களுடையது என்று தெரிந்துவிடும்.

முதலில் ஸ்பைடர்மேனை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். 1962 ஆகஸ்ட் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அறிமுகப்படுத்திய அந்த முதல் கதை வெறும் 11 பக்கம். சக்தி வந்ததும் பீட்டர் பார்க்கர் செய்கிற வேலை காசு பார்ப்பது. கண் முன்னால் ஓடும் திருடனைப் பிடிக்காமல் விடுகிறான், அதே திருடன் அவனை வளர்த்த பெரியப்பா பென்னைக் கொன்றுவிடுகிறான். பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வந்தாக வேண்டும் என்ற புகழ்பெற்ற வரியைப் பெரியப்பா சொன்னதாகத்தான் எல்லாரும் நினைக்கிறோம். அந்த முதல் கதையில் அவர் அதைச் சொல்வதே இல்லை. எல்லாம் முடிந்து, பையன் இருட்டில் தனியாக நடந்து போகிற கடைசிக் கட்டத்தில் கதைசொல்லி எழுதுகிற வரி அது.

இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்த பொறுப்பாக இருந்திருந்தால் அதை இன்னொருவரோடு பங்கு போட்டிருக்கலாம். பீட்டருடைய பொறுப்பு குற்ற உணர்ச்சியில், ஆள் இல்லாத தெருவில் முளைத்தது. அதைப் பங்கு போட வேண்டுமானால் முதலில் பெரியம்மா மேயிடம் போய், அவர் செத்ததற்கு நான்தான் காரணம் என்று சொல்ல வேண்டும். மேக்கு அவன் யார் என்று தெரிந்து, இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசித் தீர்க்கும் இதழ் வந்தது 2002-இல். அதில் அடிதடி கிடையாது, பேச்சு மட்டும்தான். அன்றைக்கு இராத்திரி பென்னோடு தான் சண்டை போட்டதால்தான் அவர் வெளியே போனார் என்று மேயும் இத்தனை காலம் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே சாவைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். ஸ்பைடர்மேன் கதைகளிலேயே என்னை அதிகம் பாதித்த இடம் அதுதான்.

மறைத்ததற்கு இன்னொருத்தி கொடுத்த விலை இதைவிடப் பெரியது. க்வென் ஸ்டேசி, பீட்டரின் காதலி. அவள் அப்பா போலீஸ் கேப்டன். 1970-இல் வந்த இதழில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் இடிபாட்டில் சிக்கிச் சாகிறார். பீட்டர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, மகளைப் பார்த்துக்கொள் என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் அப்பா சாவுக்கு ஸ்பைடர்மேன்தான் காரணம் என்று க்வென் நம்புகிறாள். தன் காதலனும் தான் வெறுக்கிற அந்த ஆளும் ஒருவனே என்று தெரியாமலே அவள் அவனோடு பழகுகிறாள். 1973 ஜூன் இதழில் வில்லன் அவளைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான், பீட்டர் வலை வீசிப் பிடிக்கிறான், வேகமாக விழுந்தவளைச் சட்டென்று நிறுத்திய அந்த இழுப்பிலேயே அவள் கழுத்து முறிந்துவிடுகிறது. வில்லன் அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் பீட்டரின் ரகசியம் அவனுக்குத் தெரிந்திருந்தது. வில்லனுக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. எந்த ஆபத்து தன்னைத் தேடி வருகிறது என்று தெரிந்துகொள்ளவே வாய்ப்பில்லாமல் ஒரு பெண் செத்துப் போகிறாள்.

உங்கள் கதையில் காதலியைப் பிரியும் காட்சியை இந்த வெளிச்சத்தில் ஒரு முறை படித்துப் பாருங்கள். 'உன் நல்லதுக்காகத்தான்' என்று அவன் சொல்கிறான். அவளைக் கேட்டானா? ஆபத்து என்னவென்று சொன்னானா? அவள் வாழ்க்கையைப் பற்றிய முடிவை அவனே எடுத்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துக்கொள்கிறான். நீங்கள் அதை உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள், எழுத்து நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு அவன் மேல் கோபம்தான் வருகிறது.

அங்கேயும் இதை மாற்றிப் பார்த்தார்கள். 1987-இல் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள். எல்லாம் தெரிந்த மனைவி. இருபது வருடம் அப்படியே ஓடியது. 2007-இல் பெரியம்மா உயிரைக் காப்பாற்ற ஒரு சாத்தானிடம் அந்தக் கல்யாணத்தையே கொடுத்துவிடுவதாகக் கதை எழுதி, அவனை மறுபடி தனி ஆளாக்கினார்கள். நாயகன் தனியாக, யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தால்தான் கதை ஓடும் என்று பதிப்பகம் முடிவெடுத்தது. அது அவர்களுடைய வியாபாரம். நாம் அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நம் பக்கத்து வாசகர்கள் இந்த விதிக்கு வெளியே இருக்கும் நாயகர்களோடும் வளர்ந்தவர்கள்தான். மதுரைக்குத் தெற்கே சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மூலக்கதை பிரிட்டனில் 1962-இல், ஸ்பைடர்மேன் பிறந்த அதே வருடம் வந்தது. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவான். அவனும் சக்தியை முதலில் குற்றம் செய்யத்தான் பயன்படுத்துகிறான், பிறகுதான் உளவு வேலைக்கு வருகிறான். அவனுக்குக் குடும்பம் என்று பெரிதாக எதுவும் இல்லை, அதனால் உங்கள் சிக்கலும் அவனுக்கு இல்லை. ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவி இதற்கு நேர் எதிர். லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய அந்தப் பாத்திரத்துக்குக் கல்யாணம் கடமையின் ஒரு பகுதி. வாரிசு இல்லாவிட்டால் பரம்பரையே அறுந்துபோகும். காதலி டயானாவுக்கு அவன் யார் என்பது தெரியும், 1977-இல் கல்யாணமும் நடந்தது, இரட்டைக் குழந்தைகளும் பிறந்தார்கள். அதனால் கதை சப்பென்று ஆகிவிடவில்லை.

சரி, இப்போது மதுரைக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு நம் ஊரில் இருக்கும் மிகப் பழைய பதில் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

பொற்கொல்லன் பொய் சொன்னான், பாண்டியன் விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான் என்பதோடு பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஏன் விசாரிக்கவில்லை என்பதை இளங்கோவடிகள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். அன்று அரண்மனையில் ஆடலும் பாடலும் நடக்கிறது. அரசன் அதில் மனதைப் பறிகொடுத்துவிட்டான் என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலை வலிக்கிறது என்று சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். அரசன் அமைச்சர்களை விட்டுவிட்டு, அவளைச் சமாதானப்படுத்த அவள் இருக்கும் இடத்துக்குப் போகிறான். அந்த வாசலில்தான் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். சிலம்பு திருடிய கள்வன் பிடிபட்டிருக்கிறான் என்கிறான். அரசன் காவலர்களைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று அதைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுகிறான். கோபித்துக்கொண்ட மனைவியிடம் அவளுடைய சிலம்போடு போய் நிற்கலாம் என்று அவன் மனம் அந்த நொடியில் கணக்குப் போட்டிருக்கும் என்பது என் வாசிப்பு.

நெடுஞ்செழியனைக் கொடுங்கோலன் என்று சொல்ல முடியாது. மனைவி மேல் பிரியம் வைத்திருந்த சாதாரண ஆம்பளை. வீட்டுச் சண்டை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது செங்கோலைக் கையில் எடுத்துவிட்டான். உறவு பலவீனம், அதை எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்றுதான் சூப்பர்ஹீரோ கதைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இளங்கோ இன்னும் உள்ளே போகிறார். எதிரியே தேவையில்லை. சக்தியுள்ளவன் வீட்டு மனநிலையோடு வெளியே கை நீட்டினால் போதும், எங்கிருந்தோ பிழைக்க வந்த ஒருவன் தலை உருளும். உங்கள் நாயகன் இப்படி ஒரு முறை வழுக்கினால் கதைக்கு உயிர் வரும். காதலியோடு சண்டை போட்டுவிட்டு வருகிற இராத்திரியில், யாரோ கை காட்டிய ஓர் ஆளை விசாரிக்காமல் அடிக்கட்டும். அந்த ஆள் தப்பே செய்யாதவனாக இருக்கட்டும். அவனுக்கு ஒரு மனைவி இருக்கட்டும். அவள் உடைந்த கை ஒன்றின் எக்ஸ்ரேயோடு நியாயம் கேட்டுத் தெருத் தெருவாக வரட்டும்.

கண்ணகி வந்து சிலம்பை உடைத்ததும் பாண்டியன் என்ன செய்கிறான் என்பதும் உங்களுக்குப் பாடம். பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அவன் சொன்னது 'யானோ அரசன் யானே கள்வன்'. விழுந்து உயிரை விட்டான். (கண்ணகியைப் பற்றியும் சொல்ல ஆசைதான். உறவை இழந்த பிறகு சக்தி வந்தவள் அவள், மற்றவர்களுக்கு நேர் எதிர் வரிசை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

இதற்கு அடுத்து வருவதுதான் உங்கள் கதைக்கு மிக நெருக்கமானது. ஊர் எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பின்னால் வந்து நின்று, பாண்டியர்கள் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா என்று ஒரு கதை சொல்கிறது. காப்பியத்தில் சில வரிதான், உரைகளிலும் பின்னால் வந்த சொல்வழக்கிலும் விரிந்திருக்கிறது. கீரந்தை என்ற ஏழை, அரசனுடைய காவலே உனக்கு வேலி என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியூர் போகிறான். அது பாண்டியனுக்குத் தெரியவருகிறது. இராத்திரியில் மாறுவேடத்தில் நகர்வலம் வரும்போதெல்லாம் அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறான். ஒரு நாள் உள்ளே ஆண் குரல் கேட்கிறது. கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருந்தது ஊர் திரும்பிய கீரந்தையே. நடு இராத்திரியில் கதவைத் தட்டும் அந்நியன் யார் என்று கணவனுக்குச் சந்தேகம் வருகிறது. அதைத் தீர்க்க அரசன் அந்தத் தெருவில் இருக்கும் எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போய்விடுகிறான். விடிந்ததும் தெருவே அரண்மனையில் வந்து நிற்கிறது, இராத்திரி எவனோ கதவைத் தட்டினான் என்று. பிடிபட்டால் என்ன தண்டனை என்று அரசன் கேட்கிறான். கையை வெட்ட வேண்டும் என்கிறார்கள். அரசன் வாளை எடுத்துத் தன் கையையே வெட்டிக்கொள்கிறான். பிறகு பொன்னால் கை பொருத்திக்கொண்டதால் பொற்கைப் பாண்டியன்.

தம்பி, இது முழுக்க முழுக்க சூப்பர்ஹீரோ கதை. மாறுவேடம் இருக்கிறது, இராக்காவல் இருக்கிறது, கடைசியில் உலோகக் கையும் இருக்கிறது. ஆனால் கதை போகும் திசையைப் பாருங்கள். காக்க வந்தவனே ஒரு வீட்டுக்குள் சந்தேகத்தை விதைத்துவிடுகிறான். அந்தத் தப்பை மறைக்க எல்லாக் கதவையும் தட்டி ஒரு தெருவையே பயத்தில் ஆழ்த்துகிறான். ஒரு ரகசியத்தைக் காக்க அடுத்த ரகசியம் தேவைப்படுகிறது. பீட்டருடைய வாழ்க்கையில் நடப்பதும் இதுதான், ஆனால் அவன் அதிலிருந்து வெளியே வருவதில்லை. பாண்டியன் விடிந்ததும் வந்துவிடுகிறான். தட்டியது யார் என்று யாருக்கும் தெரியாது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழமொழி நானூற்றில் ஒரு பாட்டு அவனைத் தனக்குத் தானே சாட்சியானவன் என்கிறது. யாரும் பார்க்கவில்லை என்பதற்காகத் தகாததைச் செய்ய மாட்டார்கள் பெரியவர்கள் என்று அந்தப் பாட்டு முடிகிறது. அங்கே முகமூடி நாயகனைச் சட்டத்திடமிருந்து காப்பாற்றுகிறது. இங்கே அவன் அதைக் கழற்றிவிட்டுத் தானே சட்டத்தின் முன்னால் வந்து நிற்கிறான். காவலுக்கான விலை அவன் உடம்பிலிருந்து போகிறது.

உங்கள் செல்லூர்ப் பையன் விசாரிக்காமல் அடித்தான் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு அடுத்த காட்சி இங்கிருந்துதான் வர வேண்டும். கை உடைந்தவனின் மனைவி முன்னால் முகத்தைத் திறந்துகொண்டு போய் நிற்பானா? நின்றால் என்ன கொடுப்பான்? கதையின் நடுப்பகுதி முழுவதையும் இந்தக் கேள்வியே இழுத்துக்கொண்டு போகும்.

இனி உறவு. நீங்கள் காதலியை மட்டும் மையத்தில் வைத்திருக்கிறீர்கள். மதுரைப் பக்கத்தில் ஓர் ஆண்மேல் இருக்கிற கடமைகளில் கனமானது தாய்மாமன் கடமை. அக்கா பிள்ளைக்குக் காது குத்து என்றால் பிள்ளை உட்கார வேண்டியது மாமன் மடியில். மாமன் சீர் வராமல் விசேஷம் தொடங்காது. பாண்டி கோயிலில் கிடா வெட்டி, சமையல் முடிந்து, சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது மாமனைக் காணோம் என்றால் அக்காவுக்குப் புகுந்த வீட்டில் எவ்வளவு தலைகுனிவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவன் எங்கேயோ ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கட்டும். சினிமா டிக்கெட் வாங்கிக் காத்திருக்கும் காதலியைவிட, மடி காலியாக இருக்கும் அந்த மணை நம் ஊர் வாசகனை நேராகத் தொடும்.

இதற்கு முன்னோடியும் வெளியில் தேட வேண்டாம். ஒவ்வொரு சித்திரையிலும் அழகர் மலையிலிருந்து கிளம்பி வருகிறார். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு வருகிறார், வழியில் நேரமாகி, கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கோபத்தோடு ஊருக்குள் வராமலே வண்டியூர் பக்கம் போய்விடுகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வருகிறார் என்பது கோயில் சொல்லும் காரணம். ஒன்று குடும்பம், இன்னொன்று கடமை. வழி நெடுக மண்டகப்படி மண்டகப்படியாக நிறுத்தி நிறுத்தித்தான் அவரை அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் முகம் காட்டிவிட்டு வருகிறவர் சொந்தத் தங்கை கல்யாணத்துக்குப் பிந்திவிடுகிறார். ஊர் இதற்காக அவரைக் குறை சொன்னதே இல்லை. இலட்சக்கணக்கான பேர் ஆற்றில் இறங்கி எதிர்கொண்டு அழைக்கிறார்கள். பிந்தி வருகிறவருக்கு ஏன் இவ்வளவு பாசம்? ஏன் பிந்தினார் என்பது எல்லாருக்கும் தெரியும். வழியில் நிறுத்தியதே அவர்கள்தானே. உங்கள் பையன் பிந்தும்போது யாருக்கும் காரணம் தெரியாது, அங்கேதான் எல்லாம் முறிகிறது.

அதனால் அக்காவிடம் அவன் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கதையின் கடைசியில் வேண்டாம், பாதிக்கு முன்பே. ரகசியம் என்பது நம் தெருக்களில் நடைமுறைக்கும் ஒத்துவராது. ஒண்டிக் குடித்தனத்தில் இராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தால் பக்கத்து வீட்டு ஆச்சி இருமிக் காட்டுவார். நாய் குரைக்கும். டீக்கடையில் மறுநாள் யாராவது, 'நம்ம இவன் வீட்டுப் பையன் மாதிரியே இருந்துச்சுப்பா' என்பார்கள். நியூயார்க்கில் ஒருவன் மறைந்து வாழலாம். இங்கே 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்காமல் ஒருவரும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். இதைத் தடையாக நினைக்காதீர்கள். தெருவுக்கே பாதி தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ரகசியம் என்பது இதுவரை யாரும் எழுதாத நல்ல களம்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1994-இல் வந்த ஓர் அமெரிக்கக் கதையில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் திணித்து வைத்திருந்தார்கள். நாயகனுக்குக் கோபம் வர வேண்டும், அவ்வளவுதான் அவள் சாவுக்கு அர்த்தம். பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெய்ல் சிமோன் 1999-இல் இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் நீண்ட பட்டியலை வெளியிட்ட பிறகுதான் பலருக்கு உறைத்தது. நம் பக்கமும் கணக்கு சுத்தமாக இல்லை. பாண்டியன் விழுந்ததும் கோப்பெருந்தேவியும் சாகிறாள். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே இருக்கும் மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கினார்கள். ஊருக்கு ஊர் கதை மாறினாலும் பொம்மியும் வெள்ளையம்மாளும் தீயில்தான் முடிகிறார்கள். இந்தப் பகுதியை நாம் தொடர வேண்டாம். உங்கள் கதையில் காதலியைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சியை எடுத்துவிடுங்கள். அவளுக்கு உண்மை தெரிந்து, கூட இருப்பதா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் அதுவும் நல்ல கதைதான், அவள் உயிரோடு இருக்கிறாள்.

கடத்தல் போனால் கடைசிக் காட்சிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வெள்ளம் இருக்கிறதே. முதலில் ஒரு நடைமுறைத் தகவல். வைகை அணையில் தேக்கக்கூடிய முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதனால் நீங்கள் எழுதியிருப்பது போலத் திடீரென்று சுவர் மாதிரி தண்ணீர் வந்து நிற்காது. யானைக்கல் பக்கத்துத் தரைப்பாலம் மூழ்கும், கரையோர ஆட்களை வெளியேறச் சொல்வார்கள், ஊருக்கே முன்கூட்டித் தெரியும். ஒற்றை ஆள் வந்து தடுத்து நிறுத்தும் காட்சிக்கு இது பொருந்தாது, அதுவே நல்லது.

ஏனென்றால் வைகை வெள்ளத்துக்கு மதுரையில் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. பிட்டுக்கு மண் சுமந்த கதை. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போடுகிறான். வந்தி என்ற கிழவிக்கு யாருமே இல்லை. பிட்டு விற்றுப் பிழைக்கிறவள். இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு அவள் பங்கை அடைக்க ஒத்துக்கொள்கிறான். வெள்ளத்தை ஒரு பார்வையில் நிறுத்தக் கூடியவன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறான், வேலை செய்யாமல் ஆடுகிறான், பாடுகிறான், தூங்குகிறான். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகில், அமைச்சர் முதுகில், ஊரில் உள்ள அத்தனை உயிர் மேலும் விழுகிறது. ஆவணி மூலத்தில் இன்றும் இதைத் திருவிழாவாக நடத்துகிறோம்.

இதில் ஊரா உறவா என்ற கேள்வியே எழவில்லை. கரை ஊருக்குப் பொது, ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு. எல்லையில்லாத சக்தி உள்ளவன் வந்து நின்றது உறவே இல்லாத ஒருத்தியின் பங்கில், அவள் வீட்டு ஆளாக. உங்கள் நாயகன் வெள்ளத்தைத் தனியாக நிறுத்த வேண்டாம். செல்லூர்க் கரையில் தெரு முழுவதும் இறங்கி வேலை செய்யட்டும், காதலி உட்பட. அவன் ஆண் துணை இல்லாத ஒரு வீட்டின் பங்கை எடுத்துக்கொள்ளட்டும். அது அவன் கை உடைத்தவனுடைய வீடாக இருந்தால் உங்கள் கதையின் இரண்டு நூலும் அங்கே வந்து சேர்ந்துவிடும். முகமூடி தேவைப்படாது, நனைந்தால் எப்படியும் நிற்காது.

அவன் சக்தியை விட வேண்டுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. மீனாட்சிக்குச் சித்திரையில் பட்டாபிஷேகம், அதிலிருந்து நான்கு மாதம் அவள் ஆட்சி. ஆவணியில் சொக்கருக்குப் பட்டாபிஷேகம், மீதி எட்டு மாதம் அவர் ஆட்சி. திசையெல்லாம் வென்ற பெண் கல்யாணம் செய்துகொண்டதும் செங்கோலைத் தூக்கிப் போடவில்லை, முறை வைத்துக்கொண்டார்கள். உங்கள் பையனும் அக்காவோடும் காதலியோடும் ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். எந்த இராத்திரி போகலாம், எந்த இராத்திரி வீட்டில் இருக்க வேண்டும், யாரைக் கேட்டுவிட்டுக் கை ஓங்க வேண்டும் என்று. அந்த ஏற்பாடு உடையும் நாட்களில் உங்களுக்கு அடுத்த பாகமும் கிடைத்துவிடும்.

இப்போதைக்கு எழுதி முடித்ததை ஓரமாக வைத்துவிட்டு, காது குத்து முடிந்த அன்று சாயங்காலம் அவன் ஒத்தக்கடைக்குப் போய் அக்கா முன்னால் நிற்கும் காட்சியை மட்டும் எழுதுங்கள். அவள் முதலில் கேட்பது 'எங்கடா போன?' என்பதாகத்தான் இருக்கும். அவன் உண்மையைச் சொன்ன பிறகு அவள் இரண்டாவதாக என்ன கேட்பாள் என்பதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி எனக்குத் தெரியாது, உங்கள் அக்காவையோ அத்தையையோ மனதில் வைத்து எழுதினால் உங்களுக்குக் கிடைக்கும். கிடைத்ததும் அனுப்புங்கள், மற்ற அத்தியாயங்களை அதற்கு ஏற்றபடி எப்படி மாற்றுவது என்று உட்கார்ந்து பார்ப்போம்.